தவணையில் சோபா வாங்கும் முன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் இரண்டு காட்சிகளைக் காணலாம். ஒரு பக்கம், தவணைக் கடை லாரியிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா இறங்குகிறது. மறுபக்கம், குப்பைத் தொட்டிக்கு அருகில் கால் ஆடும் பலகைப் பெஞ்சு, மூடி நசுங்கிய ரொட்டி டின், கண்ணாடி விரிசல் விட்ட படச் சட்டம், ஓரம் உதிர்ந்த எனாமல் தட்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கீழே கிடப்பவற்றில் பல, தோட்டத்தை விட்டு வந்த நாளில் லாரியில் ஏற்றிக் கொண்டு வரப்பட்டவை.

வீட்டை அழகுபடுத்துவது என்றாலே புதிதாக ஏதாவது வாங்குவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெருநாள் காலத்தில் அந்த நினைப்புக்கு விலை அதிகம். ஆனால், இருக்கும் பொருள்களை வைத்தே ஒரு வீட்டை நல்ல முறையில் மாற்ற முடியும். அதற்குத் தேவை கொஞ்சம் நேரம், கொஞ்சம் உழைப்பு, எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்ற தெளிவு.

தவணையின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ரொக்க விலை 1,800 வெள்ளி உள்ள ஒரு சோபாவை மாதம் 99 வெள்ளி வீதம் 24 மாதத் தவணையில் எடுத்தால், கட்டி முடிக்கும் தொகை 2,376 வெள்ளி. கூடுதலாகப் போவது 576 வெள்ளி.

நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு முதல் மாதத்திற்கு 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று கொண்டால், அந்த 576 வெள்ளி ஏறக்குறைய ஒன்பது நாள் உழைப்பு. சோபாவின் விலையே ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது. இரண்டாவது தீபாவளி வந்து போகும்போதும் முதல் தீபாவளிக்கு வாங்கிய சோபாவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

வாங்கவே கூடாது என்பதில்லை. உட்கார இடமில்லாத வீட்டுக்கு நாற்காலி வேண்டும்தான். வாங்குவதாக இருந்தால் ரொக்க விலை எவ்வளவு, வட்டியோடு மொத்தம் எவ்வளவு என்பதை எழுத்தில் காட்டச் சொல்லிக் கையெழுத்திடுங்கள். ஆனால், ‘வருபவர்கள் என்ன நினைப்பார்கள்’ என்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், முதலில் வீட்டில் உள்ளதைப் பார்ப்பது நல்லது.

லயத்து வீடு கற்றுத் தந்தது

இருப்பதைக் கொண்டு வீட்டை அழகாக வைத்துக்கொள்வது நமக்குப் புதிய வித்தை அல்ல. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் சொல்வார்கள். சிவப்பு மெழுகு தேய்த்து முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்த சிமெண்டுத் தரை. இடுக்குகளில் காற்று புகாதிருக்கப் பலகைச் சுவரில் ஒட்டிய பழைய பத்திரிகை, அதன்மேல் மளிகைக் கடை கொடுத்த சாமி பட நாள்காட்டி. கண்ணாடி அலமாரியில் விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த கிளாசுகள். வானொலிப் பெட்டிக்குக் குரோஷா நூலில் பின்னிய விரிப்பு. வாசலில் பால் டின்னில் வைத்த செடிகள்.

இவற்றில் காசு கொடுத்து அலங்காரத்துக்கென்றே வாங்கியது மிகக் குறைவு. டின் பால் வாங்கினார்கள், டின் மிஞ்சியது. கடையில் சாமான் வாங்கினார்கள், நாள்காட்டி கிடைத்தது. மிஞ்சியதைக் கொண்டு அழகு செய்தார்கள்.

ஒரு சமுதாயம் அன்றாடம் கையாண்ட பாத்திரம், கருவி, பெட்டி, படுக்கை ஆகியவற்றை நாட்டார் வழக்காற்றியலில் ‘புழங்குபொருள்’ என்கிறார்கள். அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஏட்டைவிட அவை சில நேரம் தெளிவாகச் சொல்லும். சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில், குடும்பங்கள் கொடுத்துதவிய பொருள்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. நாம் ‘தட்டுமுட்டுச் சாமான்’ என்று ஒதுக்குவதைப் போன்ற பொருள்கள் அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன.

முதல் வேலை: காலி செய்வது

எந்த அறையை மாற்ற வேண்டுமோ அந்த அறையிலிருந்து கையால் தூக்க முடிந்த எல்லாவற்றையும் ஒரு நாள் வெளியே எடுத்து வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் இது ஹாலாகத்தான் இருக்கும். காலியான அறையைக் கூட்டித் துடைத்த பிறகு வாசலில் நின்று பாருங்கள். மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் 650 முதல் 700 சதுர அடி வரை உள்ளவை. அந்த அளவில் மூன்று படுக்கையறை போக ஹாலுக்கு மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். அந்த இடத்தை அடைத்து நிற்பது எது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

எடுத்த பொருள்களை மூன்று குவியலாகப் பிரிக்கலாம். அன்றாடம் புழங்குபவை ஒன்று. புழங்காவிட்டாலும் குடும்பத்துக்கு முக்கியமானவை இரண்டாவது. இரண்டிலும் சேராதவை மூன்றாவது. உடைந்த பிளாஸ்டிக் பூ, கேட்பாரற்ற பரிசுப் பொருள், ஓடாத மின்விசிறி, அழைப்பிதழ்க் கட்டு எல்லாம் மூன்றாவது குவியலுக்குப் போகும். அந்தக் குவியலைக் கழித்தாலே பாதி அலங்காரம் முடிந்துவிடும்.

பிரிக்கும்போது வீட்டில் உள்ள மூத்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பழைய இரும்பாகத் தெரிவது தாத்தாவுக்கு வேறு ஒன்றாக இருக்கும். அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தூக்கிப் போட்டுவிட்டுப் பின்னர் வருந்திய குடும்பங்கள் உண்டு.

திரும்ப வைக்கும்போது பெரிய சாமான்களின் இடத்தை மாற்றிப் பாருங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை. வாசற்கதவைத் திறந்ததும் இடிக்கும்படி எதுவும் இருக்கக் கூடாது. சன்னலை மறைக்கும் அலமாரியை எதிர்ச் சுவருக்குத் தள்ளினால் வெளிச்சமும் காற்றும் சேர்ந்து வரும். எல்லா நாற்காலியும் தொலைக்காட்சியைப் பார்த்து வரிசையாக இருப்பதைவிட, இரண்டாவது முகம் பார்த்துப் பேசும்படி இருந்தால் விருந்தாளி வரும் நாளில் வசதி.

வெட்டாமலே திரைச்சீலையாகும் சேலை

அலமாரியின் அடியில் கட்டாத சேலைகள் இல்லாத வீடு இல்லை. பருத்தி, கைத்தறிச் சேலைகள் நல்ல திரைச்சீலையாகும். பலர் செய்யும் தவறு, எடுத்தவுடன் கத்தரிக்கோலை வைப்பது.

ஒரு சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம். அகலம் 45 அங்குலம் அளவில் இருக்கும். திரைச்சீலை மடிப்பு மடிப்பாக அழகாக விழ, சன்னலின் அகலத்தைப் போல இரு மடங்கு துணி வேண்டும் என்பது பொதுவான அளவு. அப்படியானால் எட்டடி அகலச் சன்னலுக்கு ஒரு சேலையைக் குறுக்கு வாட்டில், வெட்டாமலே தொங்கவிடலாம். கரை மேலும் கீழும் வரும். முந்தானை ஒரு பக்கம் விழும். நாலடி அகலச் சன்னல் என்றால் நடுவில் ஒரு முறை வெட்டினால் இரண்டு சன்னலுக்கு ஆகும். உயரம் மூன்றரை அடிக்கு மேல் உள்ள சன்னலில் முழுவதும் மூடாது. அங்கே கம்பியைச் சற்றுக் கீழிறக்கி அரைத் திரையாக மாட்டினால், மேல் வழியே வெளிச்சம் வரும், வெளியில் இருப்பவர் கண்ணும் உள்ளே படாது.

தைக்க மனமில்லாவிட்டால் கவ்வும் வளையங்களை வாங்கிக் கம்பியில் கோத்து மாட்டலாம். துணிக்குச் சேதமில்லை. நாளைக்கே சேலையை எடுத்துத் துவைத்துக் கட்டிக்கொள்ளலாம். அம்மாவின் நினைவாக வைத்திருக்கும் சேலைக்கு இதுவே ஏற்றது.

இரண்டு எச்சரிக்கைகள். பட்டுச் சேலையைச் சன்னலில் மாட்டாதீர்கள். நம் ஊர் வெயில் பட்டின் நிறத்தையும் நூலின் வலுவையும் சீக்கிரம் கெடுத்துவிடும். நைலான், பாலியெஸ்டர் சேலைகள் தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டும். அவற்றை அடுப்புக்கும் விளக்கு எரியும் சாமி மேடைக்கும் அருகில் தொங்கவிடாதீர்கள். பருத்தியும் எளிதில் தீப்பற்றக்கூடியதே. எந்தத் துணியானாலும் விளக்குக்கும் அதற்கும் இடையே, காற்றடித்துப் பறந்தாலும் எட்டாத தூரம் வேண்டும்.

கிழிந்த சேலை, நைந்த கைலி, சட்டைத் துணி எல்லாவற்றையும் சதுரமாக வெட்டி இணைத்தால் தலையணை உறையும் மேசை விரிப்பும் கிடைக்கும். பழைய சோபா நன்றாக இருந்து துணி மட்டும் மங்கியிருந்தால், தடித்த போர்வை ஒன்றைப் போர்த்தி இடுக்குகளில் சுருட்டிய பத்திரிகையைச் செருகுங்கள். போர்வை நழுவாது.

சுவர்: படங்களுக்கு உயிர் கொடுப்பது

காலியான சுவருக்குக் கடையில் விற்கும் வெளிநாட்டு நகரப் படத்தைவிட, டிரங்குப் பெட்டியில் இருக்கும் சொந்தப் படங்கள் பொருத்தமானவை. ஸ்டூடியோவில் விறைப்பாக நின்று எடுத்த கல்யாணப் படம், தோட்டத்துப் பள்ளிக்கூட வகுப்புப் படம், திருவிழாவில் காவடியோடு நிற்கும் மாமா.

சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவிலும் நிறத்திலும் இருப்பது ஒரு குறையல்ல. எல்லாவற்றுக்கும் ஒரே நிறச் சாயம் பூசினால் ஒரு குடும்பமாகிவிடும். ஆணி அடிக்கும் முன் ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் பழைய பத்திரிகைத் தாளை வெட்டி, ஒட்டும் நாடாவால் சுவரில் ஒட்டிப் பாருங்கள். திருப்தி வரும்வரை தாளை நகர்த்தலாம். பிறகு தாளின் மேலேயே ஆணி இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். படக் கூட்டத்தின் நடுப்பகுதி நிற்பவரின் கண் மட்டத்தில், தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் பார்க்க எளிது. நம் வீடுகளில் படங்களைக் கூரையை ஒட்டி மாட்டும் பழக்கம் உண்டு. முகம் தெரியாத உயரத்தில் தாத்தா இருந்து என்ன பயன்?

வாடகை வீட்டில் ஆணி அடிக்க அனுமதி இல்லையென்றால், தையல் இயந்திரத்தின் மேலோ அலமாரியின் மேலோ சட்டங்களைச் சுவரில் சாய்த்து வைக்கலாம்.

ஈரப்பதம் நிறைந்த நம் நாட்டில் படங்களுக்கு முதல் எதிரி பூஞ்சை. மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்டாதீர்கள். நேர் வெயில் விழும் இடமும் ஆகாது. சட்டத்தின் பின்பக்கம் நான்கு மூலைகளிலும், அறுந்துபோன ஜப்பான் சிலிப்பரை வெட்டிச் சிறு துண்டாக ஒட்டிவிட்டால், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போய் வரும். பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே வைத்து, பகல் வெளிச்சத்தில் மின்னொளி இல்லாமல் கைப்பேசியில் படமெடுத்துப் புதிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். அசலைப் பெட்டியில் வைத்துவிட்டு நகலைச் சுவரில் மாட்டுவது எல்லாப் பழைய படங்களுக்கும் நல்ல பழக்கம்.

பித்தளை, மங்கு, உளி

பாட்டி கொண்டு வந்த பித்தளைக் குடம், குத்துவிளக்கு, தாம்பாளம் கறுத்துப்போய் அடுக்களை மேல்தட்டில் இருக்கும். ஊறவைத்த புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்தால் போதும். ஈரத்தோடு வைத்தால் மறுநாளே புள்ளி விழும். ஒரு குடத்தை வாசல் மூலையில் தனியாக வையுங்கள். பத்துப் பாத்திரத்தை வரிசையாக அடுக்கினால் கடை போலிருக்கும். ஒன்று மட்டும் நின்றால் கண் அதில் தங்கும்.

உதிர்ந்த எனாமல் தட்டும் குவளையும் சாப்பிட ஏற்றவை அல்ல. சாவி, சில்லறை வைக்கவும், சுவரில் தட்டு வரிசையாக மாட்டவும் பயன்படும். அடுக்குத் தூக்குச் சட்டி, எழுது பொருள், நூல் கண்டு, மருந்துச் சீட்டு எல்லாம் வைக்கும் பெட்டியாகும். ரொட்டி டின்னைக் கழுவிக் காயவைத்துச் சாயம் பூசினால், மேலே ஒரு பலகை வைத்துச் சிறு மேசையாக்கலாம். உள்ளே முறுக்கு, மேலே தண்ணீர்க் கிளாஸ். மிதித்துத் தைக்கும் பழைய தையல் இயந்திரம் ஓடாவிட்டாலும் அதன் இரும்புக் காலும் பலகையும் நல்ல மேசை.

பால் வெட்டிய குடும்பங்களில் உளி, மங்கு, காண்டா வாளி ஏதாவது ஒன்று இன்னும் இருக்கும். அவற்றைத் துரு நீக்கி, தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, ஒரு பலகையில் பொருத்திச் சுவரில் மாட்டலாம். உளியின் முனை கூர்மையானது. பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரம் வேண்டும். பீங்கான் மங்குகளில் தீபாவளி இரவன்று அகல் விளக்கை இறக்கி வைத்தால் காற்றில் அணையாது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் மரம் மரமாக ஓடியவர்களுக்கு அந்த உளி அலங்காரப் பொருள் அல்ல. “அந்தக் கஷ்டத்தை ஏன் சுவரில் மாட்ட வேண்டும்?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. வேறு சிலர் அதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதை சொல்ல ஆரம்பிப்பார்கள். எந்த வகை என்பது கேட்டால்தான் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் மாட்ட வேண்டாம். எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். வீசிவிட மட்டும் வேண்டாம்.

பலகைச் சாமான்

தோட்டத்திலிருந்து வந்த பெஞ்சும் மேசையும் பெரும்பாலும் முழுப் பலகையால் செய்தவை. இன்று தவணையில் வரும் பல சாமான்கள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. அவை நீர் பட்டால் ஊதிப் பிரியும். முழுப் பலகையைத் தேய்த்துத் தேய்த்துப் புதிதாக்க முடியும்.

முதலில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் மண் குழாய் போல் தெரிந்தால் கரையான். சிறு துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் மர வண்டு. அப்படிப்பட்டதை மருந்தடித்துச் சரிசெய்யாமல் வீட்டுக்குள் ஏற்றக் கூடாது. நல்ல நிலையில் இருந்தால் ஆடும் காலுக்குத் திருகாணி போட்டு, 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு 240 எண் உப்புத்தாளால் மெருகேற்றிச் சாயம் பூசலாம். தேய்ப்பது எப்போதும் மர வரி போகும் திசையில் இருக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் சாயம் பூசிய சாமான் என்றால், அந்தச் சாயத்தில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதன் தூள் பிள்ளைகளுக்குக் கேடு. நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை வாங்கி, வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஈரமாகத் தேய்த்து, தூளைத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள்.

வெளிச்சமும் செடியும்

ஒரு விளக்கை மாற்றினாலே ஹால் மாறிவிடும். பல வீடுகளில் எரிவது 6,500 கெல்வின் அளவுள்ள வெள்ளை விளக்கு. படிக்கவும் சமைக்கவும் அது சரி. உட்கார்ந்து பேசும் மூலைக்கு 2,700 முதல் 3,000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் கலந்த விளக்கு இதமாக இருக்கும். பித்தளையும் பலகையும் அந்த வெளிச்சத்தில்தான் நிறம் காட்டும். விளக்குப் பெட்டியிலேயே இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். தீபாவளி வண்ண விளக்குகளை ஒரே மின்செருகியில் அடுக்கடுக்காகச் சொருகுவது ஆபத்து.

செடிக்கும் செலவில்லை. கற்பூரவள்ளி, மணி பிளாண்ட் இரண்டும் அக்கம்பக்கத்தில் ஒரு கிளை கேட்டு வாங்கி ஊன்றினால் பிழைத்துக்கொள்ளும். மைலோ டின்னின் அடியில் நான்கைந்து ஓட்டை போட்டு மண் நிரப்பினால் தொட்டி தயார். டின்னின் விளிம்பைச் சுத்தியால் தட்டி மழுக்கிவிடுங்கள்.

ஆனால், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டையிலிருந்து கொசு பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே, வாரம் ஒருமுறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். போத்தலில் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் செடிக்கும் இதுவே விதி. 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ், கொசுப் புழு காணப்படும் வீட்டுக்கு 500 வெள்ளி வரை குற்றப் பதிவு வழங்க முடியும். சிங்கப்பூரில் வீவக வீடுகளில் இருப்போர் நடைபாதையில் செடி வைக்கும்போது 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஓர் உறை, நான்கு வாரம்

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பார்கள். வீட்டு வேலை தொடங்கும் முன் ஒரு தொகையை, 100 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம், ஓர் உறையில் போட்டு வையுங்கள். உப்புத்தாள், ஒரு சிறு டின் சாயம், ஒரு விளக்கு, திரை வளையம், ஆணி ஆகியவை மட்டும் அந்த உறையிலிருந்து வரட்டும். உறை காலியானால் வாங்குவது நின்றுவிட வேண்டும்.

முதல் வாரம் காலி செய்து பிரிக்க. இரண்டாம் வாரம் பலகைச் சாமானைத் தேய்த்துச் சாயம் பூசிக் காயவிட. சாயத்தின் வாடை போகவும் நாள் வேண்டும். மூன்றாம் வாரம் திரைச்சீலைக்கும் படங்களுக்கும். நான்காம் வாரம் பித்தளை தேய்க்க, செடிகளை எடுத்து வைக்க, கோலத்துக்கு அரிசி சாயமேற்ற. நொய்யரிசியில் உணவுச் சாயத்தைச் சில துளி தண்ணீரில் கரைத்துப் பிசறி நிழலில் உலர்த்தினால் வண்ண அரிசி தயார். பெருநாள் முடிந்ததும் நிறம் நிறமாகப் போத்தலில் அள்ளி வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்றால் ஆளுக்கொரு வேலை கொடுங்கள். தான் சாயம் பூசிய பெஞ்சின் மேல் எந்தப் பிள்ளையும் கிறுக்காது.

பெயர் எழுதி வையுங்கள்

எல்லாம் முடிந்த பின் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. சுவரில் மாட்டும் முன் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பேனா மை நாளடைவில் மறுபக்கம் ஊறும். மிருதுவான பென்சிலால், அழுத்தாமல் எழுத வேண்டும். வழவழப்பான தாளில் பென்சில் ஏறாவிட்டால், ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டத்தின் பின்பலகையில் ஒட்டலாம்.

இது ஏன் அவசரம் என்றால், படத்தில் இருக்கும் தோட்டங்களில் பல இன்று இல்லை. புத்ராஜெயா எழுந்த இடத்தில் பிராங் பெசார் தோட்டம் இருந்தது. சுபாங் ஜெயா எழுந்த இடத்தில் சீபீல்டு தோட்டம் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த இடங்களிலும், செம்பனை போய் வீடமைப்பு வந்த இடங்களிலும், லயமும் பிரட்டுக் களமும் ஆயக்கொட்டகையும் நின்ற இடத்தை இன்று யாராலும் காட்ட முடிவதில்லை. அங்கே வாழ்ந்தவர்களிடம் எஞ்சியிருப்பது டிரங்குப் பெட்டியில் இருக்கும் படங்களும், குப்பைத் தொட்டிக்குப் போகக் காத்திருக்கும் சில சாமான்களும்தான்.

வகுப்புப் படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கும் பையன் யார் என்று பாட்டிக்குத் தெரியும். பாட்டிக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. தீபாவளியன்று வீட்டுக்கு வரும் உறவினர்களில் ஒருவருக்காவது, பாட்டிக்கும் மறந்துபோன இன்னொரு பெயர் நினைவிருக்கும். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி அவர் கையில் கொடுங்கள். பென்சிலைப் பக்கத்தில் வைத்திருங்கள்.